பேரன் குஸ்திக்குப் போகிறேன் என்கிறான்: பள்ளத்தூர் ஆச்சிக்கு ஒரு பதில்

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரன், இரண்டு வருடமாகப் பள்ளியில் கபடி ஆடுகிறவன், இப்போது ஃப்ரீஸ்டைல் மல்யுத்தம் கற்றுக்கொள்ளப் போகிறேன், ஒருநாள் இந்தியாவுக்காக விளையாடுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். "எங்கள் அப்பச்சி பினாங்கில் கிங்காங், தாராசிங் குஸ்தி பார்த்த கதையைச் சொல்வார்கள். இவன் சொல்வதும் அதுதானா? இதை நம்பிப் படிப்பை விடலாமா? இந்தத் தொழிலில் ஒருவன் எத்தனை வருடம் இருக்க முடியும்? காது சுருண்டுபோகும் என்கிறார்களே?"

ஆச்சி, காரைக்குடியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். 1990-களில் கல்லூரி மாணவனாக 57 கிலோ எடைப்பிரிவில் மல்லுக்கட்டியவன். பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. ஆனால் தோற்றவனுக்குத்தான் விளையாட்டின் நுணுக்கம் கூடுதலாகத் தெரியும் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. ஜெயித்தவனுக்கு யோசிக்க நேரம் ஏது?

முதலில் கிங்காங் விஷயத்தை முடித்துவிடுவோம். உங்கள் அப்பச்சி பார்த்தது டிக்கெட் போட்டு நடத்திய காட்சிக் குஸ்தி. அந்தக் காலத்தில் அதையும் 'ஃப்ரீஸ்டைல்' என்றே விளம்பரம் செய்ததால் இந்தக் குழப்பம் இன்றும் தீரவில்லை. தாராசிங் உண்மையிலேயே பலசாலி, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒலிம்பிக்கில் இருக்கும் ஃப்ரீஸ்டைல் வேறு. கயிறு கட்டிய மேடை கிடையாது, குத்து கிடையாது, முறைத்துப் பார்த்து வசனம் பேசுவது கிடையாது. 9 மீட்டர் விட்டமுள்ள வட்டம், மெத்தென்ற விரிப்பு, மூன்று நிமிடமாக இரண்டு சுற்று, நடுவே 30 விநாடி இளைப்பாறல். அவ்வளவுதான். எதிராளியின் இரண்டு தோள்பட்டைகளையும் விரிப்பில் அழுத்திப் பிடித்துவிட்டால் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால் புள்ளிக் கணக்கு. கீழே சாய்த்துப் பின்னால் போய்ப் பிடித்தால் 2, முதுகை விரிப்புப் பக்கம் திருப்பிக் காட்டினால் 2, நின்ற நிலையிலிருந்து தூக்கி முதுகு படும்படி எறிந்தால் 4, பெரிய வீச்சாக இருந்தால் 5, வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1. பத்துப் புள்ளி முன்னிலை வந்துவிட்டால் அதோடு நிறுத்திவிடுவார்கள். கிரேக்க-ரோமானிய முறை என்று இன்னொன்று உண்டு. அதில் இடுப்புக்குக் கீழே தொடக்கூடாது. ஃப்ரீஸ்டைலில் காலைப் பிடிக்கலாம், காலால் மாட்டலாம். கபடியில் கணுக்கால் பிடியும் தொடைப் பிடியும் பழகிய பையனுக்கு அதனால்தான் இது சீக்கிரம் வரும். உங்கள் பேரன் பாதி தூரம் வந்துவிட்டான் என்று சொல்லமாட்டேன், வாசல்படிக்கு வந்திருக்கிறான்.

நம் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத விளையாட்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாமல்லபுரத்தின் பெயரிலேயே மல்லன் இருக்கிறான். அரசியல்வாதி 'கோதாவில் இறங்கினார்' என்று எழுதுகிறோம். கோதா என்பது குஸ்தி போடும் மண் களம். கிடுக்கிப்பிடி, உடும்புப்பிடி, மல்லுக்கட்டு எல்லாம் நாக்கில் இருக்கின்றன. விரிப்பு மட்டும்தான் ஊரில் இல்லை. கபடிக்குத் தெருவுக்குத் தெரு களம் உண்டு. மல்யுத்த விரிப்பைத் தேடித்தான் போகவேண்டும்.

சரி, தொழில் என்று எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? உங்கள் குடும்பத்துக்குப் புரியும்படி சொல்கிறேன். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில் பையன்கள் சம்பளச் சீட்டு, அதாவது வேலை ஒப்பந்தம், எழுதிக்கொண்டு கப்பலேறினார்கள். மூன்று வருடம் ஒரு கணக்கு. பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி, மேலாளாகி, ஏஜெண்டாக வருவதற்குள் எத்தனை சீட்டு! மல்யுத்தக்காரனுக்கும் அப்படித்தான். அவனுடைய சீட்டு நான்கு வருடம், ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக். ஒரு நல்ல வீரனுக்கு வாழ்நாளில் இரண்டு சீட்டு கிடைத்தால் பெரிது. நான்கு சீட்டு முடித்தவர் இந்திய ஃப்ரீஸ்டைல் வீரர் யோகேஷ்வர் தத். அவருடைய கணக்கைப் பிரித்துப் பார்த்தாலே உங்கள் கேள்விகளில் முக்கால்வாசிக்கு விடை கிடைத்துவிடும்.

1982-இல் ஹரியானாவின் சோனிபத் மாவட்டத்தில் பைன்ஸ்வால் கலான் என்ற கிராமத்தில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். அதைக் கவனியுங்கள் ஆச்சி, படிப்பு வாசனை உள்ள வீடுதான். எட்டு வயதில் கிராமத்தில் தொடங்கி, பதின்ம வயதில் டெல்லி சத்ரசால் ஸ்டேடியத்துக்குப் போய்த் தங்கிப் பயின்றார். 21 வயதில் முதல் சீட்டு: 2004 ஏதென்ஸ், 55 கிலோ. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2006-இல் தந்தை இறந்தார். அதே ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டில் 60 கிலோவில் வெண்கலம் வாங்கினார். 2008-இல் ஆசிய சாம்பியன் ஆனார். அதே ஆண்டு பெய்ஜிங்கில் இரண்டாம் சீட்டு, காலிறுதியில் ஜப்பானியர் ஒருவரிடம் தோல்வி. அதற்குப் பின் முழங்கால் போனது. இந்தத் தொழிலில் முழங்கால் போனால் பலருக்குத் தொழிலே போனமாதிரி. அவர் திரும்பி வந்து 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வாங்கினார்.

மூன்றாவது சீட்டுதான் எல்லோருக்கும் தெரிந்தது. லண்டன், 2012 ஆகஸ்ட் 11. அப்போது விதி வேறு: இரண்டு நிமிடமாக மூன்று சுற்று, இரண்டு சுற்றை வென்றவன் ஜெயித்தவன். ஒரு எடைப்பிரிவின் ஆட்டமெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். யோகேஷ்வர் முதல் போட்டியில் பல்கேரியரை வென்றார். அடுத்த போட்டியில் ரஷ்யாவின் பெசிக் குதுகோவிடம் தோற்றார். பெரும்பாலான விளையாட்டில் இந்த இடத்தில் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். மல்யுத்தத்தில் 'ரெப்பசாஜ்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. உங்களைத் தோற்கடித்தவன் இறுதிப் போட்டிவரை போய்விட்டால், அவனிடம் தோற்றவர்களுக்கு வெண்கலத்துக்காக இன்னொரு வாய்ப்பு தருவார்கள். பலசாலியிடம் முதலிலேயே மாட்டிக்கொண்டது உன் குற்றமில்லை என்பது அதன் நியாயம். எனவே தோற்றவன் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து, தன்னை வீழ்த்தியவன் ஜெயிக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பான். இப்படி ஒரு பிரார்த்தனையை வேறெங்கே பார்க்க முடியும்?

குதுகோவ் இறுதிக்குப் போனார். யோகேஷ்வருக்குக் கதவு திறந்தது. ஒரு கண் வீங்கி ஏறக்குறைய மூடியிருந்த நிலையில், கொஞ்ச நேர இடைவெளிகளில் அடுத்தடுத்து மூன்று பேர்: புவேர்ட்டோ ரிக்கோக்காரர், ஈரானியர், கடைசியில் வெண்கலத்துக்கு வட கொரியாவின் ரி ஜோங் மியோங். அந்தக் கடைசி ஆட்டத்தில் முதல் சுற்று போய்விட்டது, இரண்டாம் சுற்று கிடைத்தது. மூன்றாவதில் எதிராளியின் இரண்டு கணுக்கால்களையும் ஒன்றின்மேல் ஒன்று மாட்டி, முன்கையால் பூட்டி, தானும் உருண்டு அவனையும் உருட்டினார். வடக்கே இதை 'ஃபிதேலே' என்கிறார்கள். வைக்கோல் பிரி திரிப்பவர் இரண்டு புரியைச் சேர்த்துப் பிடித்து முறுக்குவாரே, கையளவில் அதே வேலைதான். ஒவ்வொரு உருட்டுக்கும் எதிராளியின் முதுகு விரிப்புப் பக்கம் திரும்பும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் புள்ளி. ஆறுக்குப் பூஜ்யம் ஆனதும் அன்றைய விதிப்படி சுற்று முடிந்தது. சில விநாடி வேலை. எனக்கு இப்போதும் அந்தப் படத்தை ஓடவிட்டு மாணவர்களுக்குக் காட்டுவது வழக்கம். கையைப் பார்க்காதே, இடுப்பு எங்கே போகிறது என்று பார் என்பேன். பையன்கள் கையைத்தான் பார்ப்பார்கள்.

அன்று யோகேஷ்வருக்கு 29 வயது. தொடங்கியது எட்டு வயதில். 21 வருட உழைப்பு, சில விநாடி உருட்டலில் வந்து நின்றது. கேல் ரத்னா, பத்மஸ்ரீ எல்லாம் அதன் பின்னால் வந்தவை.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. குதுகோவ் வெள்ளி வாங்கினார். அடுத்த ஆண்டு கார் விபத்தில் இறந்துபோனார். லண்டனில் எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்த அவருடைய சிறுநீர் மாதிரியை 2016-இல் மறுபடி சோதித்தபோது தடை செய்யப்பட்ட மருந்து இருந்ததாகச் செய்தி வந்தது. யோகேஷ்வரின் வெண்கலம் வெள்ளியாகும் என்று நாடே பேசியது. அவர் என்ன செய்தார் தெரியுமா? குதுகோவ் பெரிய வீரர், அந்தப் பதக்கம் அவர் குடும்பத்திடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். இறந்தவர்மேல் நடவடிக்கை இல்லை என்று ஒலிம்பிக் குழுவும் பின்னர் வழக்கை முடித்துவிட்டது. வெண்கலம் வெண்கலமாகவே இருக்கிறது. ஊக்கமருந்துபற்றி இங்கே ஒரு வார்த்தை: ஜிம்மில் டப்பாவில் விற்கும் எந்த மாவையும் பயிற்சியாளரிடம் கேட்காமல் பேரன் வாயில் போடக்கூடாது. 'எனக்குத் தெரியாது, கடைக்காரர் கொடுத்தார்' என்பது இந்த விளையாட்டில் சாக்காகாது. வேண்டுமென்றே செய்தது என்று முடிவானால் நான்கு வருடத் தடை, அதாவது ஒரு முழுச் சீட்டு.

2014-இல் எடைப்பிரிவுகளை மாற்றினார்கள். 60 கிலோ என்ற பிரிவே இல்லாமல் போய், 31 வயதில் 65-க்கு ஏறினார். கிளாஸ்கோ காமன்வெல்த்தில் தங்கம், இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் தங்கம். ஆசிய விளையாட்டு மல்யுத்தத்தில் 1986-க்குப் பிறகு இந்தியாவுக்கு வந்த முதல் தங்கம் அது. பிறகு 2016 ரியோ, நான்காவது சீட்டு. முதல் போட்டியிலேயே மங்கோலியாவின் மந்தாக்நரனிடம் மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோல்வி. மறுபடியும் அதே காத்திருப்பு. இந்த முறை மங்கோலியர் காலிறுதியில் தோற்றார், யோகேஷ்வருக்குக் கதவு திறக்கவில்லை. அவர் செய்த வேலையில் குறை ஒன்றுமில்லை. இன்னொருவர் ஆட்டத்தில் இவர் தலையெழுத்து. சீட்டு முடிந்தது, வயது 33.

'எத்தனை வருடம்' என்ற கேள்விக்கு இதுதான் என் பதில். நாட்டுக்காக ஆடும் காலம் பத்துப் பன்னிரண்டு வருடம் கிடைத்தால் பாக்கியம். அதிலும் எண்ணிப் பார்த்தால் உண்மையில் தலைவிதியைத் தீர்மானிக்கும் ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஒவ்வொன்றும் ஆறு நிமிடம்.

இனி எடை. இதை நீட்டித்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் எனக்கு வலித்த இடம் இது. 1994-இல் ஒரு போட்டிக்கு நான் மூன்று கிலோ கூடுதலாக இருந்தேன். சித்திரை வெயிலில், கம்பளிச் சட்டைக்குமேல் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு, செக்காலையிலிருந்து கோட்டையூர்வரை ஓடினேன். ஒன்றரை நாள் தண்ணீர் குடிக்கவில்லை. எச்சிலைத் துப்பித் துப்பி நாக்கு மரக்கட்டை ஆனது. என்னை அழைத்துப்போனவர், பெயர் வேண்டாம், 'இதெல்லாம் சகஜம்' என்றார். எடை சரியாக வந்தது. முதல் ஆட்டத்தில் ஒன்றரை நிமிடத்தில் கண் இருட்டி விழுந்தேன். எதிராளி என்னைத் தள்ளக்கூட இல்லை.

அன்று எனக்குத் தெரியாதது இன்று உலகத்துக்கே தெரியும். 2018 முதல் ஒரு பிரிவின் ஆட்டம் இரண்டு நாள் நடக்கிறது, இரண்டு நாள் காலையிலும் எடை பார்க்கிறார்கள். பாரிஸ் 2024-இல் வினேஷ் போகட், 50 கிலோ பிரிவில், ஒலிம்பிக் சாம்பியன் யுய் சுசாகியை முதல் போட்டியிலேயே வென்று, இறுதிவரை போனார். மறுநாள் காலை எடைக்கருவி 100 கிராம் கூடுதலாகக் காட்டியது. தகுதிநீக்கம். வெள்ளியும் இல்லை. நூறு கிராம் என்றால் நம் வீட்டில் ஒரு கைப்பிடி கவுனி அரிசி. அதே பாரிஸில் 21 வயது அமன் செஹ்ராவத் அரையிறுதியில் தோற்ற பிறகு, மறுநாள் வெண்கலப் போட்டிக்காக இரவோடிரவாகப் பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்தார். 57 கிலோவில் வெண்கலமும் வாங்கினார். செய்தித்தாள்கள் இதைச் சாதனையாக எழுதின. நான் படித்தபோது வயிறு கலங்கியது. தேர்ந்த மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் கூடவே நின்று செய்த வேலை அது. பதினைந்து வயதுப் பையன் பார்த்துப் பழகுவதற்கில்லை. வளரும் வயதில் எடையைக் குறைத்துச் சின்னப் பிரிவில் ஆடு என்று எந்தப் பயிற்சியாளராவது சொன்னால், அன்றே பேரனை அங்கிருந்து அழைத்து வந்துவிடுங்கள். இது ஒன்றில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்கும் புத்தி கிடையாது.

காது சுருளுவது உண்மை. தேய்ந்து தேய்ந்து தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ரத்தம் கட்டும். உடனே மருத்துவரிடம் போய் எடுத்துவிட்டால் சரியாகிவிடும். விட்டுவிட்டால் கெட்டியாகிக் காலிஃப்ளவர்போல் நிற்கும். காதுக்கவசம் போட்டுப் பயிற்சி செய்யலாம். வடநாட்டில் பையன்கள் அந்தக் காதைப் பெருமையாகக் காட்டிக்கொள்கிறார்கள், உங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போகும்போது என்ன சொல்வார்களோ எனக்குத் தெரியாது. அதைவிட அடிக்கடி வருவது படர்தாமரை. நம் ஊர் வேர்வைக்குக் கேட்கவே வேண்டாம். பயிற்சி முடிந்ததும் குளியல், தனித் துண்டு, விரிப்பைத் தினமும் மருந்து போட்டுத் துடைப்பது. பயிற்சிக்கூடம் பார்க்கப் போனால் சுவரில் மாட்டிய கோப்பைகளை விட்டுவிட்டு விரிப்பை முகர்ந்து பாருங்கள். தோள், முழங்கால் இரண்டும் எப்போதும் ஆபத்தில் இருப்பவை.

பணம்: ஒலிம்பிக் பதக்கம் வாங்கினால் கோடிகள். தமிழ்நாடு அரசு தங்கத்துக்கு 3 கோடி, வெள்ளிக்கு 2, வெண்கலத்துக்கு 1 கோடி என்று அறிவித்திருக்கிறது. ஹரியானாவில் தங்கத்துக்கு 6 கோடி. ஆனால் அது லாட்டரிச் சீட்டு மாதிரி, அதை வைத்துக் குடும்பக் கணக்குப் போடக்கூடாது. 2015-இல் தொடங்கிய புரோ ரெஸ்லிங் லீக்கூட நான்கு பருவம் நடந்து, பல ஆண்டுகள் நின்றுபோனது. மல்யுத்தக்காரனுக்கு நிஜமான சோறு போடுவது வேலை: ரயில்வே, ராணுவம், காவல்துறை. தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் படிப்புச் சான்றிதழ் கேட்பார்கள். சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்தவர் மல்யுத்தக்காரர் கே.டி. ஜாதவ்தான், 1952 ஹெல்சிங்கி, வெண்கலம். அவரை அனுப்புவதற்காகக் கோலாப்பூரில் அவர் படித்த கல்லூரியின் முதல்வர் தம் வீட்டையே 7,000 ரூபாய்க்கு அடமானம் வைத்தார். பதக்கத்தோடு வந்த ஜாதவ் மூன்று வருடம் கழித்துத்தான் காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தார். அர்ஜுனா விருது வந்தபோது அவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது.

ஆகவே படிப்பை விடவேண்டாம். பிளஸ் டூ வரை இங்கே படிக்கட்டும், வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி செய்யட்டும். 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் என்று படிகள் இருக்கின்றன. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏறவேண்டும். மாநிலப் போட்டியில் தொடர்ந்து இரண்டு வருடம் பதக்கம் வந்தால் விளையாட்டு விடுதிக்கோ வெளியூர் மையத்துக்கோ அனுப்புவதைப்பற்றி யோசிக்கலாம். வராவிட்டால் அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் படிப்பு இருக்கிறது, என்னைப்போல் விசில் ஊதிக்கொண்டு காலம் தள்ளலாம். அதுவும் மோசமான பிழைப்பில்லை.

உணவுபற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஆச்சி வீட்டுப் பிள்ளை என்பதால் நானே சொல்கிறேன். ரவி தஹியா டோக்கியோவில் வெள்ளி வாங்கியவர். அவர் டெல்லியில் பயிற்சியில் இருந்த வருடங்களில் அப்பா கிராமத்திலிருந்து தினமும் பாலும் வெண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்தார். அதே ரவி அரையிறுதியில் 2-9 என்று பின்தங்கி, எல்லோரும் கைவிட்ட நேரத்தில் எதிராளியின் தோள்களை விரிப்பில் பதித்து ஜெயித்தார். உங்கள் வீட்டில் கும்மாயம் இருக்கிறது, முட்டை இருக்கிறது, நாட்டுக்கோழி இருக்கிறது. வேறு எதுவும் வாங்கவேண்டாம். வெள்ளைப் பணியாரத்தையும் கந்தரப்பத்தையும் மட்டும் கொஞ்சம் அளந்து போடுங்கள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பையனை அனுப்பி வையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, கழுத்தில் கையில் இருக்கும் கயிறு, சங்கிலியெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு துண்டோடு வரட்டும். முதல் மூன்று மாதம் விழுவதற்கு மட்டும்தான் சொல்லிக்கொடுப்பேன். அதற்குப் பிறகும் வருகிறேன் என்றால் பிடிகளைத் தொடங்கலாம்.